கோழித்தலைக் கணக்கு

லவுட்டர்ஹாக்கில் அன்றைக்கு முப்பத்தொரு வீடு.
இன்றைக்கும் அவ்வளவுதான், ஒன்றிரண்டு கூடக் குறைய.
மேலே கோட்டை: மிச்சம் ஒன்றரைச் சுவர்,
மூடிபோட்ட கிணறு,
காருக்கு இரண்டு யூரோ விழுங்கும் கம்பம்.

ஊரின் ஞானஸ்நானப் புத்தகம்
ஸ்வீடன் படை வந்தபோது கோவிலோடு எரிந்தது.
யார் பிறந்தார், யாருக்குப் பிறந்தார்
என்று சொல்ல ஒரு தாளும் இல்லை.
கோட்டையின் வரிப்புத்தகம் தப்பித்துக்கொண்டது.
வரிப்புத்தகங்கள் எப்படியும் தப்பிவிடும்.

ஆவணக் காப்பகத்தில் எனக்குப் பகுதிநேர வேலை.
பழைய தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கவேண்டும்,
பொத்தானை அமுக்கவேண்டும்.
படிப்பதற்குச் சம்பளம் கிடையாது.
படித்தேன்.
கோழி கிளறிய மண்போன்ற அந்தக் கையெழுத்து
பிடிபட மூன்று குளிர்காலம் ஆயிற்று.
உண்மையில் அது கோழிக் கணக்குத்தான்.

தவக்காலத்துக்கு முந்தைய வாரம்
வீட்டுக்கு ஒரு கோழி கோட்டைக்கு ஏறவேண்டும்.
எங்கள் பக்கம் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள்;
இங்கே கட்டியது கோழியின் காலை.
ஆனால் ஒரு விதி இருந்தது.
பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீட்டில்
மணியக்காரன் தலையை மட்டும் திருகிக்கொள்ளவேண்டும்.
உடல் அவளுக்கு, சூப்புக்கு.
தலை பிரபுவுக்கு, அத்தாட்சிக்கு:
கேட்டோம், உரிமையை விடவில்லை.

ஆகவே பத்திகளில் கோழி, கோழி, கோழி,
நடுவே எங்கோ
தலை.
தலை என்று எழுதிய இடத்தில் ஒரு பிள்ளை.
எரிந்த புத்தகம் இப்படித்தான்
கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் திரும்பி வந்தது.
மில்காரி அப்போலோனியாவின் தலைச்சன், 1609.
அவளுக்கே 1611. அப்புறம் கோழி, கோழி.

1614-இல் பதினொரு தலை.

முப்பத்தொரு வீட்டில், ஒரே வாரத்தில், பதினொன்று.
மீண்டும் எண்ணினேன்.
அதற்கு முந்தைய கோடையில் ஆலங்கட்டி மழை,
கம்பு ரை எல்லாம் படுத்துவிட்டது
என்று நான்கு பக்கம் முன்னால் இருக்கிறது.
மணியக்காரன் ஃபைட் ஓர்ட்லீப் ஓரத்தில் குறித்திருக்கிறான்:
ஐந்தாம் வீட்டுக் குழந்தைக்கு நெற்றியில் மச்சம், இடப்பக்கம்.
ஒன்பதாம் வீடு: நெற்றியில் மச்சம், இடப்பக்கம்.
பதினாறாம் வீடு: குனிகுண்டே, விதவை, வயது அறுபத்தொன்று.
தலை.

அவன் தெருவழியே வர,
பிள்ளை கொல்லைவழியே ஓடியிருக்கிறது,
பனியில், யாருடைய சால்வைக்குள்ளோ.
ஒரு வீட்டில் பசித்து அழுது
அடுத்த வீட்டில் பால் குடித்து
மூன்றாவதில் தூங்கிப்போயிருக்கும்.
ஒவ்வொரு கட்டிலிலும் ஒருத்தி தலையை அவிழ்த்துப்போட்டு முனகியிருப்பாள்.
அறுபத்தொரு வயதுக்காரி முனகியதை
நினைத்துப் பார்த்தேன். பக்கத்து மேசை ஹெல்ட்ருட்
என்ன சிரிப்பு என்று கேட்டாள்.

ஓர்ட்லீப்புக்குத் தெரியும்.
மச்சத்தைப் பார்த்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்.
ஆனாலும் பதினொரு முறை மையில் தோய்த்து
தலை, தலை என்று எழுதி
ஒரு சின்னக் கூடையைக் கோட்டைக்கு அனுப்பியிருக்கிறான்.
இருபது கோழி. மூடாத கண்களோடு பதினொரு தலை.
அன்றிரவு கீழே பதினொரு வீட்டுப் புகைபோக்கியில்
என்ன மணந்திருக்கும் என்று
எந்தப் பத்தியும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டுப் பக்கத்தில் எல்லாம் முழுக் கோழி.
முப்பத்தொன்றும்.
எழுத்து நேராக, அழகாக, படிக்கச் சுலபமாக இருக்கிறது.
வேறு ஒருவனின் கை.

ஓர்ட்லீப் என்ற பெயர் அதற்குப் பிறகு இல்லை.
மச்சமும் இல்லை.
போன மாதம் ஒஹையோவிலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
தன் வம்சத்தின் வேரைத் தேடி, பெரிய காமிராவோடு.
1614-ஐ எடுத்துக் காட்டினேன்.
இதில் என் ஆள் யார் என்று கேட்டார்.
யாருடைய பிள்ளை என்று ஊரே சொல்லாத பிள்ளை அது ஐயா,
நான் எப்படிச் சொல்ல?

தாளைக் கவிழ்த்து
பொத்தானை அமுக்கினேன்.